அழிப்பதற்கு முன் படிக்க வேண்டியவை: லினக்ஸ் பாதுகாப்பு, பதிவுத் துப்புரவுக் கருவிகள் – ஒரு மதிப்பீடு

லினக்ஸ் கணினியில் வட்டு நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை வந்ததும் பலர் முதலில் கைவைப்பது நிரல்கள் தம் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் /வார்/லாக் கோப்புறையில்தான். அங்கே கிடப்பவை யாரும் படிக்காத பழைய கோப்புகள் என்ற எண்ணமும், அவற்றை நீக்கினால் எந்த நிரலும் நின்றுவிடாது என்ற துணிவும் அதற்குக் காரணம். ஆனால் அந்தக் கணினியில் யார் நுழைந்தார்கள், யார் நுழைய முயன்று தோற்றார்கள், எந்தப் பொதி (மென்பொருள் தொகுப்பு) எந்த நாளில் நிறுவப்பட்டது, எந்தச் சேவை எதனால் நின்றது என்பவற்றுக்கெல்லாம் சாட்சி சொல்ல அந்தக் கோப்புகளை விட்டால் வேறு எதுவும் இல்லை. ஊடுருவியவர்களும் தம் தடத்தை மறைக்க இதே துப்புரவைத்தான் செய்கிறார்கள். தாக்குதல் உத்திகளை வகைப்படுத்தும் மைட்டர் அட்டாக் அட்டவணையில், லினக்ஸ் கணினியின் பதிவுகளை அழிப்பது டி1070.002 என்ற எண்ணுடன் தனி உத்தியாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே பாதுகாப்புக் கருவிகளை ஒரு தராசிலும் துப்புரவுக் கருவிகளை இன்னொரு தராசிலும் நிறுப்பது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. இரண்டும் கைவைப்பது ஒரே கோப்புகளில்தான். ஒரு கருவி எதை நீக்குகிறது, எப்போது நீக்குகிறது, நீக்குவதற்கு முன் அதைப் படிக்க வேண்டியவர் படித்துவிட்டாரா என்ற கேள்வியை வைத்தே இங்கே எல்லாவற்றையும் மதிப்பிட்டிருக்கிறேன்.

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவை ஆறு கருவிகள். பதிவுகளைச் சேமித்துச் சுழற்றி (நடப்புக் கோப்பைப் பழைய பிரதியாக ஒதுக்கிப் புதியதைத் தொடங்கி), காலம் முடிந்தவற்றை நீக்கும் ஜர்னல்டி, லாக்ரொட்டேட். காவல் வேலை செய்யும் ஃபெயில்2பேன், யுஎஃப்டபிள்யூ. தணிக்கை செய்யும் லினிஸ். துப்புரவு செய்யும் பிளீச்பிட். ஆறும் கட்டற்ற மென்பொருள்கள். டெபியன், உபுண்டு போன்ற பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களின் களஞ்சியங்களிலிருந்தே நிறுவிக்கொள்ளக் கூடியவை. ஒரு மேசைக் கணினியையோ சிறிய சர்வரையோ தனியொருவராகப் பராமரிப்பவரை மனத்தில் கொண்டே எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களின் கண்காணிப்பு மையங்களுக்கு வேறு தேவைகள் உண்டு.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பகுதியாக வரும் ஜர்னல்டியிலிருந்து தொடங்குவதே முறை, ஏனெனில் இன்றைய பெரும்பாலான வழங்கல்களில் பதிவுகள் முதலில் வந்து சேரும் இடம் அதுதான். 2011ஆம் ஆண்டின் இறுதியில் இது அறிமுகமானபோது, பதிவுகளை எளிய உரையாக அல்லாமல் இரும வடிவில் சேமிக்கிறது என்பதற்காகவே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆயினும் துப்புரவு என்ற கோணத்திலிருந்து பார்க்கும்போது, இயல்பிருப்பிலேயே (நாம் எந்த அமைப்பையும் மாற்றாத நிலையிலேயே) தனக்குத் தானே எல்லை வகுத்துக்கொண்டு வரும் பதிவுக் கருவி இது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். /வார்/லாக்/ஜர்னல் இருக்கும் வட்டுப் பகுதியின் மொத்த அளவில் 10 விழுக்காட்டுக்கு மேல் அது எடுத்துக்கொள்வதில்லை. அந்த 10 விழுக்காடும் 4 ஜிபியைத் தாண்டுவதில்லை. அதோடு வட்டில் 15 விழுக்காட்டை, அதுவும் 4 ஜிபி என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, மற்றவற்றுக்காகக் காலியாக விட்டுவைக்கவும் முயல்கிறது. எனவே ஜர்னல் தன் வட்டைத் தின்றுவிட்டது என்று அஞ்சுகிறவர் முதலில் ‘ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்’ என்ற கட்டளையைக் கொடுத்து, உண்மையில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வட்டை நிரப்பிய குற்றவாளி வேறெங்கோ இருப்பதுதான் பெரும்பாலும் தெரியவரும்.

இணையத்தில் எங்கு பார்த்தாலும் பரிந்துரைக்கப்படுவது ‘--வேக்கம்-சைஸ்’, ‘--வேக்கம்-டைம்’ ஆகிய இரண்டு விருப்பத்தேர்வுகள். முதலாவது இத்தனை எம்பிக்கு மேல் இருப்பதை நீக்கு என்கிறது. இரண்டாவது இத்தனை நாளுக்கு முந்தையதை நீக்கு என்கிறது. இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் ஏற்கெனவே மூடி ஒதுக்கப்பட்ட ஜர்னல் கோப்புகளை மட்டுமே அவை தொடும்; எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பைத் தொடா. 100 எம்பி என்று கேட்டும் அதைவிட அதிகமாக மிஞ்சி நிற்கிறதே என்ற குழப்பத்துக்கு இதுவே காரணம். ‘--ரொட்டேட்’ சேர்த்துக் கொடுத்தால் நடப்புக் கோப்பும் மூடப்பட்டுக் கணக்கில் சேரும். நீக்கம் வரி வரியாக நடப்பதில்லை, கோப்புக் கோப்பாக நடக்கிறது என்பதையும் நினைவில் வைத்தால், கேட்ட நாளுக்கும் கிடைத்த நாளுக்கும் இடையில் தெரியும் வேறுபாடு வியப்பளிக்காது. இந்தக் கட்டளைகளைக் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) போட்டு வாரந்தோறும் ஓடவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே வேலையை அமைப்புக் கோப்பில் ‘சிஸ்டம்மேக்ஸ்யூஸ்’, ‘மேக்ஸ்ரிடென்ஷன்செக்’ என்ற இரண்டு வரிகளால் நிலையாகச் சொல்லிவிடலாம். அந்த வரிகளையும் ஜர்னல்டியின் மூல அமைப்புக் கோப்பில் எழுதாமல், ஜர்னல்டி.கான்ஃப்.டி என்ற துணைக் கோப்புறையில் தனிக் கோப்பாக வைத்தால், பொதி புதுப்பிக்கப்படும்போது மோதல் வராது. பல மாதங்களுக்குப் பிறகும் எதை மாற்றினோம் என்பது தெளிவாகத் தெரியும்.

ஜர்னல்டியிடம் எனக்குள்ள பெரிய குறை வேறு. அளவை மட்டும் எல்லையாக வைக்கும்போது, எத்தனை நாள் பதிவு மிஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது கணினியின் உரிமையாளர் அல்லர். அதிகம் புலம்பும் நிரல்தான் தீர்மானிக்கிறது. ஒரு சேவை பழுதாகி ஒரே பிழை வரியை விடாமல் எழுதத் தொடங்கினால், அந்த வெள்ளத்தில் மூன்று வாரத்துக்கு முந்தைய எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) நுழைவுப் பதிவு அடித்துச் செல்லப்படும். இதைத் தடுக்க விரைவுக் கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது: ஒரு சேவை 30 விநாடிக்குள் 10,000 வரிக்கு மேல் எழுதினால் மிகுதி கைவிடப்பட்டு, இத்தனை வரிகள் தவிர்க்கப்பட்டன என்ற குறிப்பு மட்டும் பதியும். (காலியிடத்தைப் பொறுத்து அந்த எண்ணிக்கை உயரவும் செய்யும்.) திடீர் வெள்ளத்துக்கு அது அணை, நாளெல்லாம் சீராக ஒழுகும் புலம்பலை அது நிறுத்தாது. நுழைவுப் பதிவுகளை ஓராண்டும், மற்ற சலசலப்பை ஒரு வாரமும் வைத்திரு என்று ஒரே ஜர்னலுக்குள் சொல்ல வழியில்லை. 2020இல் வந்த சிஸ்டம்டி 245ஆம் பதிப்பு முதல் ‘லாக்நேம்ஸ்பேஸ்’ என்ற வசதி கிடைக்கிறது. புலம்பும் சேவைக்குத் தனி ஜர்னலை ஒதுக்கி, அதற்கென்று தனி அளவெல்லையும் வகுக்கலாம். குறைக்கு இது உண்மையான தீர்வு. ஆனால் வழக்கமான ஜர்னல்சிடிஎல் கட்டளையில் அந்தத் தனி ஜர்னலின் வரிகள் தெரியமாட்டா, பெயரைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பதால், பின்னாளில் இன்னொருவர் வந்து பழுது பார்க்கும்போது தேடிய பதிவு கிடைக்காமல் திகைக்க நேரும். இதை எழுதி வைத்துவிட்டுச் செய்வது நல்லது.

லாக்ரொட்டேட் வயதில் மூத்தது. ரெட் ஹேட் நிறுவனத்தில் எரிக் ட்ரோன் எழுதத் தொடங்கிய இந்தச் சிறிய நிரல், என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சர்வர்களும் நாமே எழுதிய ஸ்கிரிப்டுகளும் ஜர்னலுக்கு வெளியே உரைக் கோப்புகளாக எழுதும் பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறது. அமைப்புக் கோப்பைப் பார்த்தமாத்திரத்தில் ஒருவருக்குப் பொருள் விளங்குகிறது என்பதே இதன் முதல் சிறப்பு. எத்தனை பழைய பிரதிகளை வைப்பது, எப்போது சுருக்குவது, கோப்பு இல்லாவிட்டால் என்ன செய்வது என்பவை ஒவ்வொன்றும் ஒரு வரி. இரண்டாவது சிறப்பை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன்: ‘-டி’ (-d) என்ற விருப்பத்தேர்வுடன் ஓட்டினால், எதையும் மாற்றாமல், எதைச் சுழற்றியிருப்பேன், எதை நீக்கியிருப்பேன் என்று சொல்லிக் காட்டுகிறது. அழிக்கும் அதிகாரம் உள்ள எந்தக் கருவிக்கும் இந்த ஒத்திகை வசதி கட்டாயம் இருக்க வேண்டும்.

இதில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் ‘சைஸ்’. ‘சைஸ் 100எம்’ என்று எழுதிவிட்டால் கோப்பு 100 எம்பியைத் தொட்ட கணமே சுழற்றப்படும் என்று பலர் நம்புகிறார்கள். லாக்ரொட்டேட் பின்னணியில் எப்போதும் விழித்திருக்கும் சேவை அன்று. பெரும்பாலான வழங்கல்களில் நாளுக்கு ஒருமுறை டைமரோ கிரானோ அதை எழுப்புகிறது. காலையில் எழுந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, மாலைக்குள் அந்தக் கோப்பு 30 ஜிபியாக வளர்ந்து வட்டை அடைத்தாலும் அது மறுநாள்தான் பார்க்கும். அளவு உண்மையிலேயே கவலை தரும் கோப்பு என்றால் டைமரை மணிக்கொருமுறை ஓடும்படி மாற்றுவதுடன், ‘சைஸ்’ என்பதற்குப் பதிலாக ‘மேக்ஸ்சைஸ்’ என்று எழுத வேண்டும். முன்னது கால அட்டவணையைப் புறக்கணித்து அளவை மட்டும் பார்க்கிறது, பின்னது அட்டவணையையும் மதித்து, அளவு மீறினால் முன்னதாகவும் சுழற்றுகிறது.

‘காப்பிட்ரங்கேட்’ என்ற வழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதிவுக் கோப்பை மூடித் திறக்கத் தெரியாத நிரல்களுக்காக, கோப்பைப் படியெடுத்துவிட்டு மூலத்தைச் சுழியமாக்கும் முறை இது. படியெடுத்து முடித்ததற்கும் சுழியமாக்குவதற்கும் இடைப்பட்ட நொடியில் எழுதப்படும் வரிகள் தொலைந்துபோகலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. வலைப்பக்கப் பார்வைப் பதிவில் சில வரிகள் போனால் பெரிய இழப்பில்லை. நுழைவுப் பதிவுகளுக்கும் பணப் பரிமாற்றப் பதிவுகளுக்கும் இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது.

கருவிகளை நம்பாமல் கையால் அழிப்பவர்கள் சந்திக்கும் சிக்கல் ஒன்று இங்கே நினைவூட்டத் தக்கது. ஒரு சேவை திறந்து வைத்திருக்கும் பதிவுக் கோப்பை ‘ஆர்எம்’ கட்டளையால் நீக்கினால், பெயர் மறையுமே தவிர இடம் திரும்பாது; அந்தச் சேவை கோப்பை மூடும்வரை வட்டு நிறைந்தே இருக்கும், புதிய வரிகளும் யார் கண்ணுக்கும் தெரியாத அந்தக் கோப்புக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். இடமும் கிடைக்காமல், பதிவும் போய்விட்ட இரட்டை இழப்பு இது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ என்ற கட்டளை இப்படி நீக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்புகளைக் காட்டிக்கொடுக்கும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற கேள்விக்கு டெபியனில் லாக்ரொட்டேட் தரும் இயல்பிருப்பு விடை வாரம் ஒருமுறை சுழற்று, நான்கு பிரதி வை என்பது. அதாவது ஏறக்குறைய ஒரு மாதம். அது போதாது என்பதற்கு 2022 ஜனவரி 25 அன்று வெளியான ப்வின்கிட் என்ற ஓட்டையைச் சான்றாகச் சொல்வேன். சிவிஇ-2021-4034 என்ற எண்ணுள்ள அது, பயனர்களின் அதிகாரங்களைக் கட்டுப்படுத்தும் போல்கிட்டின் பிகேஎக்ஸெக் நிரலில் 2009 முதலே இருந்துவந்தது; சாதாரணப் பயனர் எவரும் அதன் வழியே ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரத்தைப் பெற முடிந்தது. அதைக் கண்டுபிடித்த குவாலிஸ் நிறுவனத்தின் அறிக்கை, தாங்கள் காட்டிய தாக்குமுறை பதிவுகளில் தடயம் விட்டுச்செல்லும் என்றும், ஷெல் மாறியின் மதிப்பு /இடிசி/ஷெல்ஸ் கோப்பில் இல்லை என்ற பொருளில் ஒரு வரி பதியும் என்றும் சொன்னது; தடயமே இல்லாமலும் தாக்க முடியும் என்பதையும் சேர்த்தே சொன்னது. அந்த அறிக்கையைப் படித்தவுடன் எந்த நிர்வாகியும் செய்ய விரும்பியிருப்பது, தம் கணினியின் பழைய பதிவுகளில் அந்த வரியைத் தேடுவதைத்தான். நான்கு வாரப் பதிவு மட்டும் வைத்திருந்தவருக்கு டிசம்பர் இறுதிக்கு முந்தைய காலம் முழுவதும் இருட்டு. சுருக்கப்பட்ட உரைப் பதிவுகள் மிகக் குறைந்த இடத்தையே பிடிக்கின்றன என்பதால், நுழைவுப் பதிவுகளையாவது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வைத்திருக்குமாறு மாற்றிக்கொள்வதில் செலவு ஏதும் இல்லை. டெபியனின் ஏபிடி பொதி மேலாளர் தன் வரலாற்றுப் பதிவுக்கு மாதம் ஒருமுறை சுழற்சி, பன்னிரண்டு பிரதி என்று வகுத்துக்கொண்டிருப்பது பின்பற்றத் தக்க அளவு.

அதே நேரத்தில் எல்லாவற்றையும் என்றென்றைக்கும் சேர்த்து வைப்பதும் பாதுகாப்பு ஆகாது. பதிவுகளில் மனிதர்களின் ஐபி முகவரிகள் இருக்கின்றன, பயனர் பெயர்கள் இருக்கின்றன. பெயர் கேட்கும் இடத்தில் தவறுதலாகத் தட்டப்பட்ட கடவுச்சொற்கள்கூட இருக்கக்கூடும். தோற்ற நுழைவு முயற்சிகளைச் சேமிக்கும் பிடிஎம்பி கோப்பை எல்லோரும் படிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும் என்பதற்கு முதன்மையான காரணம் அதுவே. தேவை தீர்ந்த பதிவை உரிய காலத்தில் நீக்குவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் கடமை.

இனி காவல் கருவிகள். 2004இல் சிரில் ஜாக்கியே தொடங்கிய ஃபெயில்2பேன், பைத்தானில் எழுதப்பட்டது. பதிவுகளைப் படித்து, தவறான கடவுச்சொல்லுடன் மீண்டும் மீண்டும் வரும் முகவரியை ஃபயர்வாலில் தடுக்கிறது. இயல்பிருப்பில், பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை தோற்றால் பத்து நிமிடத் தடை. பதிவுகள் கண்காணிப்புக்கு எத்தனை இன்றியமையாதவை என்பதைக் கண்முன் காட்டும் கருவி இதுவே. பதிவு நின்றால் இதற்குக் கண் போய்விடும். 2023இல் வந்த டெபியன் 12 இதை நன்றாக உணர்த்தியது. அந்தப் பதிப்பு முதல், பதிவுகளை உரைக் கோப்புகளாக எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை என்பதால், /வார்/லாக்/ஆத்.லாக் என்ற கோப்பே புதிய கணினிகளில் இல்லை. அந்தக் கோப்பைத் தேடி வந்த ஃபெயில்2பேன், எஸ்எஸ்எச் சர்வரைக் காக்கும் விதித் தொகுப்பான எஸ்எஸ்எச்டி சிறைக்குப் பதிவுக் கோப்பு எதுவும் காணவில்லை என்ற பிழையுடன் தொடங்காமலே நின்றது. ஜெயில்.லோக்கல் கோப்பில் ‘பேக்எண்ட்’ என்பதற்கு ‘சிஸ்டம்டி’ என்று எழுதி, பைத்தான்3-சிஸ்டம்டி பொதியும் இருக்கிறதா என்று உறுதிசெய்தால் அது ஜர்னலிலிருந்தே படிக்கத் தொடங்கும். நிறுவியதோடு நின்றுவிட்டவர்கள், காவல் இருக்கிறது என்ற நம்பிக்கையுடன் காவலே இல்லாமல் இருந்திருப்பார்கள் என்பதுதான் இதில் கவலைக்குரியது. ஆகவே நிறுவியபின் ‘ஃபெயில்2பேன்-கிளையண்ட் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்எச்டி’ என்று கேட்டு, தோல்விகளின் எண்ணிக்கை உண்மையில் உயர்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

இக்கருவியில் என் மதிப்பைப் பெற்ற பகுதி ‘ரெசிடிவ்’ என்ற சிறை. அது ஃபெயில்2பேனின் சொந்தப் பதிவையே படித்து, ஒரே நாளில் மீண்டும் மீண்டும் தடைசெய்யப்பட்ட முகவரியை ஒரு வாரம் வெளியே நிறுத்துகிறது. வட்டு இடத்துக்காக ஃபெயில்2பேன்.லாக் கோப்பை அழித்துவிடும் துப்புரவு ஸ்கிரிப்டுகள் இந்தச் சிறையின் நினைவையும் சேர்த்தே அழிக்கின்றன. குறை என்று சொல்வதானால், ஃபெயில்2பேன் சுமையைக் குறைக்கும் கருவியே ஒழிய நுழைவை அடைக்கும் பூட்டு அன்று. ஆயிரம் முகவரிகளிலிருந்து முகவரிக்கு இரண்டு முறை மட்டும் முயலும் தாக்குதலை அது பிடிக்காது. எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவையே நிறுத்திவிட்டு எட்25519 வகைச் சாவிக் கோப்பை மட்டும் ஏற்பதுதான் பூட்டு. ஓபன்எஸ்எஸ்எச் 7.0 பதிப்பிலிருந்து, அதாவது 2015 முதல், ரூட் பயனருக்குக் கடவுச்சொல் நுழைவு இயல்பிருப்பில் மறுக்கப்பட்டாலும், மற்ற பயனர்களுக்கு அது திறந்தேதான் இருக்கிறது. அமைப்பை மாற்றியபின் ‘எஸ்எஸ்எச்டி -டி’ (sshd -t) கொடுத்துப் பிழையில்லை என்று பார்த்து, பழைய இணைப்பை மூடாமல் புதிய இணைப்பு ஒன்றைத் திறந்து சோதித்த பிறகே திருப்திகொள்ள வேண்டும்.

யுஎஃப்டபிள்யூ பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. 2008இல் உபுண்டு 8.04உடன் வந்த இந்த எளிய ஃபயர்வால் முகப்பு, இயங்கச் செய்தவுடன் உள்வருவதை மறுத்து வெளிச்செல்வதை அனுமதிக்கிறது. தனி ஆளுக்கு அது போதும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வேலை செய்பவர் அதற்குரிய போர்ட்டை (இணைப்பு வாயிலை) அனுமதித்துவிட்டுத்தான் இயக்க வேண்டும். ‘லிமிட்’ என்ற விதி, ஒரே முகவரி 30 விநாடிக்குள் ஆறு முறை இணைய முயன்றால் மறுத்துவிடும். அதன் பதிவு நிலையை ‘லோ’ என்பதற்கு மேல் உயர்த்தினால் ஜர்னல் விரைவில் நிரம்பும், பயனுள்ள வரிகள் மூழ்கும். நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் ஒரு கடுமையான எச்சரிக்கை: டாக்கர் வெளியிடும் போர்ட்கள் யுஎஃப்டபிள்யூவின் விதிகளைக் கடந்து செல்கின்றன. மறுத்துவிட்டதாக யுஎஃப்டபிள்யூ காட்டும் போர்ட் இணையத்துக்குத் திறந்திருக்கக் கூடும். உள்ளுக்குள் மட்டும் தேவைப்படும் கொள்கலனை, அதே கணினியை மட்டும் குறிக்கும் 127.0.0.1 முகவரியுடன் கட்டிவிடுவதே பாதுகாப்பு.

தணிக்கைக் கருவியான லினிஸ் 2007 முதல் கிடைக்கிறது; ஆர்கேஹன்டர் கருவியைத் தொடங்கிய மைக்கேல் போலன்தான் இதையும் எழுதினார். ஷெல் ஸ்கிரிப்டாக எழுதப்பட்டது என்பதால் நிறுவாமலேகூட ஓட்டலாம். அதைவிட முக்கியமாக, தணிக்கையின்போது கணினியின் அமைப்புகளில் எதையும் மாற்றாது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் விவரத்தை லினிஸ்.லாக் கோப்பில் எழுதி வைப்பது மிக நல்ல வழக்கம். பதிவுகளுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றும் இதில் இருக்கிறது. சுழற்சி அமைக்கப்பட்டிருக்கிறதா, பதிவுகள் வேறொரு கணினிக்கு அனுப்பப்படுகின்றனவா, நீக்கப்பட்ட பின்னும் திறந்திருக்கும் கோப்புகள் உண்டா என்றெல்லாம் பார்க்கிறது. மேலே சொன்ன ‘ஆர்எம்’ சிக்கலை எல்ஓஜிஜி-2190 என்ற சோதனை கண்டுபிடித்துச் சொல்லும்.

லினிஸின் முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் வருகிறது. அதை நான் விரும்பவில்லை. நுழைவுத் திரையில் சட்ட எச்சரிக்கை வாசகம் இல்லை என்பதையும், /வார் தனிப் பகுதியில் இல்லை என்பதையும், பாதுகாப்புப் புதுப்பிப்பு நிலுவையில் இருப்பதையும் ஒரே அறிக்கையில் அது வைக்கிறது. நிலுவையிலுள்ள புதுப்பிப்பை எச்சரிக்கை என்று தனியே பிரித்துக் காட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் மதிப்பெண்ணை உயர்த்த முனைபவர் பரிந்துரைகளை மேலிருந்து கீழாக நிறைவேற்றத் தொடங்கி, தனக்குத் தேவையில்லாத கடினப்படுத்தல்களால் கணினியை முடக்கிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. எச்சரிக்கைகளை முழுவதும் படியுங்கள். பரிந்துரைகளில் உங்கள் கணினிக்குப் பொருந்தாதவற்றைக் கஸ்டம்.பிஆர்எஃப் கோப்பில் ‘ஸ்கிப்-டெஸ்ட்’ என்று எழுதி விலக்குங்கள். எண்ணைப் பார்க்காமல், முந்தைய அறிக்கைக்கும் இப்போதைய அறிக்கைக்கும் இடையே புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். அந்த வகையில் பயன்படுத்தினால் இதைவிடச் சிறந்த இலவச ஆசிரியர் கிடைப்பது அரிது.

பிளீச்பிட்டைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதைப் பற்றிய என் கருத்து இரண்டாகப் பிரிந்து நிற்பதே. 2008இல் ஆண்ட்ரூ ஜீம் வெளியிட்ட இந்தக் கருவி, உலாவிகளின் கேஷ், தற்காலிகக் கோப்புகள், குப்பைத்தொட்டி, ஏபிடி சேகரித்து வைத்த பொதிகள் ஆகியவற்றைத் திறமையாக நீக்குகிறது. அழிப்பதற்கு முன் எந்தெந்தக் கோப்பு போகும், எவ்வளவு இடம் கிடைக்கும் என்று முன்னோட்டம் காட்டுகிறது. ஆபத்தான தேர்வுகளுக்கு எச்சரிக்கையும் தருகிறது. சாதாரணப் பயனராக ஓட்டும்வரை எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

ரூட் அதிகாரத்துடன் ஓட்டும்போது நிலைமை மாறுகிறது. ‘சிஸ்டம்’ பிரிவில் சுழற்றப்பட்ட பதிவுகள் என்றொரு தேர்வு இருக்கிறது. லாக்ரொட்டேட் எந்தக் கால அளவுக்காகப் பிரதிகளை வைத்திருந்ததோ, அந்தப் பிரதிகளை அது வயது பார்க்காமல் நீக்கிவிடும். ஓர் அலுவலக வாயிலில் வருவோர் கையெழுத்திடும் பதிவேட்டில் நேற்றுவரையிலான பக்கங்களைக் கிழித்துவிட்டு, மேசை தூய்மையாயிற்று என்று சொல்வதற்கு ஒப்பானது அது. காலக் கொள்கை ஒரு கருவியிடமும் அழிக்கும் அதிகாரம் இன்னொரு கருவியிடமும் இருப்பதுதான் இங்கே உள்ள பிழை; ஆகவே அந்தப் பெட்டியில் எப்போதும் குறியிடாதீர்கள் என்பதே என் பரிந்துரை. தட்டிய கட்டளைகளின் பட்டியலான பேஷ் வரலாற்றை அழிக்கும் தேர்வையும் சர்வரில் தொடாமல் விடுவது நல்லது. தற்காலிகக் கோப்புகளுக்கு ரூட் அதிகாரத்துடன் இக்கருவி தேவைப்படுவதும் இல்லை. சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ் தன் மூல அமைப்பிலேயே /டெம்ப் கோப்புறையில் 10 நாளும் /வார்/டெம்ப் கோப்புறையில் 30 நாளும் தொடப்படாமல் கிடப்பவற்றை நீக்குகிறது (வழங்கலைப் பொறுத்து இந்த எண்கள் மாறலாம்). பழைய கெர்னல்களுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) ‘ஏபிடி ஆட்டோரிமூவ்’ இருக்கிறது.

மேலெழுதி அழிக்கும் வசதியைப் பற்றியும் பிளீச்பிட் பயனர்கள் தெளிவாக இருக்க வேண்டும். எஸ்எஸ்டி வட்டுகளில் மேலெழுதப்படும் தரவு பழைய இடத்திலேயே போய் விழும் என்ற உறுதி இல்லை. பிடிஆர்எஃப்எஸ் போன்று நகலெடுத்து எழுதும் கோப்பு முறைமைகளிலும் இல்லை. அழித்ததை மீட்க முடியாமல் செய்ய வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள், கணினியை நிறுவும்போதே லக்ஸ் என்ற மறையாக்க வசதியைக் கொண்டு வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்துகொள்வதுதான் நம்பத் தக்க வழி.

இத்தனைக்கும் பிறகு என் தேர்வு இது. ஜர்னல்டியில் அளவெல்லையும் கால எல்லையும் சேர்த்து வகுத்து, லாக்ரொட்டேட்டில் நுழைவுப் பதிவுகளின் ஆயுளை நீட்டி, ஃபெயில்2பேன் உண்மையில் படிக்கிறதா என்று சோதித்து, லினிஸை மாதம் ஒருமுறை ஓட்டி, பிளீச்பிட்டைச் சாதாரணப் பயனராக மட்டும் பயன்படுத்துவேன். தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் இயக்கி வைப்பேன். இயல்பிருப்பில் அது கணினியைத் தானாக மறுதொடக்கம் செய்யாது என்பதால், புதிய கெர்னல் நிறுவப்பட்டும் பழையதே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது பராமரிப்பவரின் பொறுப்பு.

இந்த ஆறு கருவிகளில் எதுவும் தீர்க்காத ஓர் இடைவெளி மிஞ்சுகிறது: ரூட் அதிகாரத்தைப் பிடித்துவிட்டவர் அதே கணினியிலுள்ள பதிவுகள் எல்லாவற்றையும் அழிக்க முடியும். ஜர்னல்டியின் முத்திரையிடும் வசதி, ‘--செட்டப்-கீஸ்’ கொடுத்து உருவாக்கிய சரிபார்ப்புச் சாவியை வேறிடத்தில் வைத்திருந்தால், பழைய வரிகள் திருத்தப்பட்டதைக் காட்டிக்கொடுக்கும்; அழிந்ததைத் திரும்பத் தராது. அதற்கு ஆர்சிஸ்லாக் வழியாகவோ சிஸ்டம்டியின் ஜர்னல்-ரிமோட் வழியாகவோ பதிவுகள் எழுதப்படும்போதே இன்னொரு கணினிக்குப் போய்ச்சேர வேண்டும். பழைய மடிக்கணினி ஒன்றுகூட அந்த வேலைக்குப் போதுமானது. ஆனால் வழியில் எவரும் படிக்காதபடி அந்த இணைப்பு டிஎல்எஸ் மறையாக்கத்துடன் இருக்க வேண்டும், பதிவை அனுப்பும் கணினியில் அந்த இரண்டாவது கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவி எதுவும் இருக்கக் கூடாது.